இரத்த சோகைக்கு இரும்பு மட்டும் போதுமா?

கிராமங்களில் ஒருவர் முகம் வெளுத்து, நாலடி நடந்தால் மூச்சிரைத்து, வேலையில் மனஞ் செல்லாமல் உட்கார்ந்துவிடுவாராயின், உடம்பில் இரத்தம் இல்லை என்று அண்டை வீட்டார் சொல்லுவதும், சந்தைக்குப் போனவர் திரும்புகையில் மருந்துக் கடையில் ஒரு சீசா டானிக் வாங்கி வருவதும் வழக்கமாக இருந்து வருகின்றன. அந்த டானிக்குகளில் பெரும்பாலும் இரும்புச் சத்தே பிரதானமானது. அதனால் பலர் குணமடைகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிலர் இரண்டு மூன்று சீசாக்களைத் தீர்த்த பின்னும் முன்போலவே வெளுத்திருக்கின்றனர். நாளடைவில் அவர்களுடைய பாதங்களில் மதமதப்பும் எரிச்சலும் உண்டாகின்றன. இருட்டில் நடக்கையில் தள்ளாடுகின்றனர். காலிலிருந்து செருப்பு நழுவியது தெரியாமல் நடந்து போகின்றனர். வயதாகிவிட்டது என்றோ, வாயு என்றோ, அதனை அலட்சியம் செய்து விடுவது பெருந்தவறு. இரும்பினால் தீராத இரத்த சோகையும் உண்டு. அதற்கு மருந்தும் உண்டு. ஆனால் காலந் தாழ்த்தினால், இரத்தம் சீரான பிறகும் நரம்பு சீராகாது போகலாம்.

இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகையுடையவராகக் காணப்பட்டனர். தமிழ்நாட்டில் அத்தொகை நூற்றுக்கு 53-க்குச் சற்று மேற்பட்டிருந்தது. இவர்களுள் மிகுதியானவர்களுக்கு இரும்புக் குறைவு காரணமாயிருக்கக்கூடும். எனினும் 2016 முதல் 2018 வரை குழந்தைகளையும் வாலிபப் பருவத்தினரையும் சோதித்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுடையோரில் நூற்றுக்கு 31 பேருக்கு பி-12 என்னும் ஜீவசத்தும், 37 பேருக்கு ஃபோலிக் அமிலம் என்னும் ஜீவசத்தும் குறைந்திருந்தன. ஆகையால் இது எங்கோ அபூர்வமாய்க் காணப்படும் வியாதியன்று.

இரத்தம் உண்டாகும் விதம்

இரத்தத்திற்குச் சிவப்பு நிறத்தைக் கொடுப்பவை மிக நுண்ணிய சிவப்பணுக்கள். எலும்புகளுக்குள்ளிருக்கும் மச்சையில் அவை இடைவிடாமல் உற்பத்தியாகின்றன. ஒவ்வோர் அணுவும் சுமார் 120 நாட்கள் உலாவித் தேய்ந்து அழிகின்றது. அதற்கு ஈடாகப் புதியது ஒன்று தோன்றியாக வேண்டும். இவ்வுற்பத்திக்கு இரண்டு விதமான சரக்குகள் தேவை. அணுவினுள்ளே நிரம்பியிருந்து பிராணவாயுவைச் சுமக்கின்ற ஹீமோகுளோபின் என்னும் பொருளைச் செய்ய இரும்பு வேண்டும். ஓர் அணு இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிளந்து பெருகுவதற்கு ஃபோலிக் அமிலமும் பி-12-ம் வேண்டும்.

இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்து வெளுத்துப் பிறக்கின்றன. ஃபோலிக் அமிலமோ பி-12-ஓ குறைந்தால், அணு வளர்கின்றதே தவிரப் பிளக்க மாட்டாது. ஆகவே அளவிற் பெருத்து, எண்ணிக்கையிற் குறைந்து, பக்குவமடையாமலே மச்சையில் பெரும்பாலும் அழிந்து போகின்றது. வெளிப்பார்வைக்கு இரண்டு நோயாளிகளும் ஒரே விதமாய் வெளுத்துத்தான் இருப்பார்கள். ஒருவருக்கு ஏற்ற மருந்து மற்றொருவருக்குப் பயன்படாது.

பம்பாயிலும் சென்னையிலும் நடந்த ஆராய்ச்சி

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கொடிய இரத்த சோகை என்று மேல்நாட்டார் அழைத்த ஒரு வியாதி 1926-க்கு முன் பீடித்தவரைக் கொல்லாமல் விடுவதில்லை. அவ்வாண்டில் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்னும் வைத்தியர்கள், 45 நோயாளிகளுக்கு நாள்தோறும் மிகுதியான ஈரலை உணவாகக் கொடுத்துக் குணப்படுத்தியதை வெளியிட்டனர். ஈரலில் ஏதோ ஒரு பொருள் மறைந்திருக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. அதற்காக அவர்களுக்கும் விப்பிள் என்பவருக்கும் 1934-ல் நோபல் பரிசு கிடைத்தது.

லண்டன் நகரத்து வைத்திய விற்பன்னரான லூசி வில்ஸ் என்ற அம்மையார் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கு ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் பலர், கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் கடுமையாக வெளுத்து, பிரசவத்தில் இறந்து கொண்டிருந்தனர். அவர்களுடைய இரத்த அணுக்கள் பெருத்திருந்தன. கிருமி ஏதும் காரணமாகக் கிடைக்கவில்லை. அம்மையார் அப்பெண்களின் வீட்டு உணவை ஆராய்ந்தார். நல்ல உணவுண்பவர்களிடம் இவ்வியாதி குறைவு என்று கண்டார். 1929-ல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், உணவு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற மக்காரிசன் அவர்களிருந்த இடத்தில், தம் வேலையைத் தொடர்ந்து நடத்தினார். 1931-ன் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். அதுவே இப்போது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி எனப்படுகின்றது.

ஈரலிலிருந்து வடித்தெடுத்த மருந்து அக்காலத்தில் விலையுயர்ந்தது; ஏழைகளுக்கு எட்டாதது. அம்மையார் அதற்குப் பதிலாக, சாராயக் காடியில் உண்டாகும் ஈஸ்டிலிருந்து செய்யப்பட்டு மார்மைட் என்ற பெயரால் கடைகளில் மலிவாய் விற்ற ஒரு பசையைக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே நோயாளிகள் தேறத் தொடங்கினர். 1931-ல் அதனைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரை வைத்திய உலகில் பெருமதிப்புப் பெற்றது. பின்னர் அவர் கண்ட வேறொரு செய்தி இன்னும் முக்கியமானது. கொடிய இரத்த சோகையைத் தீர்க்கவல்ல, நன்றாகச் சுத்தி செய்யப்பட்ட ஈரல் மருந்து, இந்தியக் கர்ப்பிணிகளுக்குப் பயன்படவில்லை. சுத்தி செய்யாத ஈரல் மருந்து பயன்பட்டது. ஆகவே ஈரலில் இருந்தது ஒன்றன்று, இரண்டு பொருள்கள் என்பது புலனாயிற்று. அவற்றுள் ஒன்று 1941-ல் பசலை இனத்தைச் சேர்ந்த கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, இலைக்குரிய லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. மற்றொன்று 1948-ல் செந்நிறப் படிகமாகக் கிடைத்து, பி-12 எனப்பட்டது.

இரண்டையும் மாற்றிக் கொடுப்பதால் வரும் அபாயம்

ஃபோலிக் அமிலம் மலிவாய்க் கிடைக்கத் தொடங்கியதும், கொடிய இரத்த சோகையுள்ளவர்களுக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் சீரடைந்தது. எல்லோரும் மகிழ்ந்திருக்கையில், அந்நோயாளிகளுட் சிலருக்குக் கால் மரத்துப்போவதும் நடை தளர்வதும் அதிகமாயின. காரணம் பின்னர் விளங்கிற்று. ஃபோலிக் அமிலம் மிகுதியாய்ச் சென்றால், பி-12 இல்லாமலே இரத்த உற்பத்தி ஒருவாறு நடைபெற்றுவிடும். ஆனால் நரம்புகளின் மேலுறையைக் காப்பது பி-12. அவ்வேலையை ஃபோலிக் அமிலம் செய்யாது. வெளுப்பு என்னும் எச்சரிக்கை மறைந்துவிட, உள்ளே முதுகுத் தண்டின் நரம்புகள் கெட்டுக்கொண்டே போகின்றன.

ஆதலால் பி-12 குறைவு உண்டா இல்லையா என்று பாராமல், ஃபோலிக் அமிலத்தை மட்டும் பெரிய அளவில் மாதக்கணக்காய் உட்கொள்ளுதல் கூடாது என்பதே இவ்விஷயத்தில் யாவரும் மனத்திற் கொள்ள வேண்டிய முதல் விதி. சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தது ஒரு மில்லிகிராம் ஆகையால், இதிலுள்ள ஃபோலிக் அமிலம் அரை மில்லிகிராமே. இது கர்ப்பிணிகளுக்கு மிக அவசியம். இதனை நிறுத்த வேண்டும் என்று இதற்குப் பொருளன்று. அம்மாத்திரையில் பி-12 இல்லை என்பதை மட்டும் அறிந்திருத்தல் வேண்டும். ஒழுங்காய் உட்கொண்டும் இரத்தம் ஏறாத கர்ப்பிணியை, மாத்திரையை விழுங்காமல் எறிந்துவிட்டாள் என்று கடிந்து கொள்ளுவதற்கு முன், அவளுக்கு வேறு குறைவு உண்டா என்று சோதிப்பதே நியாயம்.

தாய்க்கு பி-12 குறைந்தால் தாய்ப்பாலிலும் அது குறையும். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1962-ல் இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டினர். அவர்கள் கண்ட கைக்குழந்தைகள் தாய்ப்பாலையே நம்பியிருந்தவை. பார்வைக்குக் கொழுத்திருந்தாலும், சிரிப்பும் விளையாட்டும் அற்று, கற்றுக்கொண்ட தலை நிற்றல், உட்காருதல் முதலியவற்றையும் மறந்து, தோல் கறுத்து, கைகால்கள் தாமாக அசைய இருந்தன. பி-12 கொடுத்தவுடன் அக்குழந்தைகள் தெளிவு பெற்றன. இத்தகைய குழந்தையைச் சோம்பற் குழந்தையென்று விட்டுவிடுவதும், தோஷம் என்று மந்திரிக்கக் கொண்டு திரிவதும் திரும்பப் பெற முடியாத நாட்களை வீணாக்குவதாகும்.

யாருக்கு இக்குறைவு ஏற்படும்?

பி-12 எந்தச் செடியிலும் உண்டாவதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே அதனைச் செய்கின்றன. ஆடுமாடுகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செய்தது அவற்றின் பாலிலும் இறைச்சியிலும் சேர்ந்து மனிதனுக்குக் கிடைக்கின்றது. ஆகையால் மாமிசம் உண்ணாதவர்களுள், பாலும் தயிரும் போதிய அளவு உட்கொள்ளாதவர்களுக்கு இக்குறைவு வருவது இயல்பு. மாமிசம் விலக்கில்லாத குடும்பங்களிலும், மாதத்திற்கு ஒரு முறை கறி சமைத்து, அதிலும் ஆண்களுக்குப் பரிமாறியபின் குழம்பு மட்டும் மிஞ்சுகின்ற பெண்களுக்கு இது வருகின்றது. ஜாதி வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு, இவருக்கு வராது என்று முடிவு செய்தல் சரியன்று.

உணவில் இருந்தும் உடம்பிற் சேராமையும் உண்டு. இரைப்பையில் ஊறும் ஒருவகைப் பொருளுடன் இணைந்தால்தான் பி-12 குடலில் ஈர்க்கப்படும். வயது முதிர்ந்தவர்களுக்கும், இரைப்பையில் சத்திர சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், நெடுநாள் பேதியால் வருந்துகிறவர்களுக்கும் இது தடைப்படுகின்றது. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையையும், நெஞ்செரிச்சலுக்காக ஒமெப்ரசோல் போன்றவற்றையும் ஆண்டுக்கணக்காய் உட்கொள்பவர்களுக்கும் பி-12 குறையக்கூடும். தமிழ்நாட்டில் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கிய பின், நீரிழிவு மாத்திரை பல கிராமங்களில் வீட்டு வாசலுக்கே வந்தது. அம்மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் கால் மதமதப்பு ஏற்பட்டால் எல்லாம் சர்க்கரையினால்தான் என்று இருந்துவிடாமல், பி-12 அளவையும் பார்க்கும்படி டாக்டரைக் கேட்டல் நலம். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு இருக்குமானால் தொழுநோய்க்கும் சோதித்துக் கொள்ள வேண்டும்.

ஃபோலிக் அமிலக் குறைவு வேறு வகையானது. ஈரலில் பி-12 சேமிப்பு மூன்று நான்கு ஆண்டுகளுக்குக்கூடப் போதியதாயிருக்கும். ஃபோலிக் அமிலமோ சுமார் நான்கு மாதங்களுக்கே வரும். கீரையும் பயறும் இல்லாத வெறுஞ் சோற்றிலேயே ஒரு பருவத்தைக் கழித்தாலும் குறைவு தோன்றும். கர்ப்பிணிகளுக்கும், குடிப்பழக்கமுள்ளோருக்கும், வலிப்புக்கு ஃபெனிடாய்ன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் விரைவில் தோன்றும்.

பி-6 என்னும் ஜீவசத்தின் குறைவாலும் ஒருவகை இரத்த சோகை வரும். ஆனால் அது அரிது. க்ஷயரோகத்திற்கு ஐசோனியாசிட் கொடுக்கும்போது உடன் பி-6 கொடுப்பது நரம்பைக் காப்பதற்காகவேயாம். பி-1 குறைவால் வரும் பெரிபெரி நோயில் கால் மரத்தலும் வீக்கமும் உண்டெனினும், அது இரத்த சோகையன்று. முற்காலத்தில் சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் ஜில்லாக்களில், இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடம் அந்நோய் மிகுந்திருந்ததும், புழுங்கலரிசி உண்ணும் தமிழ் ஜில்லாக்களில் குறைந்திருந்ததும் பழைய வைத்தியர்கள் கண்டறிந்த விஷயம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 அரிசிக்குள் இறங்குவதே அதற்குக் காரணம்.

சோதனை

ஹீமோகுளோபின் அளவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் இரத்த சோகை எனப்படும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதனை அறியலாம். அணுவின் அளவைக் கணக்கிடும் முழு இரத்தச் சோதனையில், எம்.சி.வி. என்று குறிக்கப்படும் எண் 100-க்கு மேற்பட்டால் பி-12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் நம் நாட்டில் பலருக்கு இரும்பும் பி-12-ம் ஒருங்கே குறைந்திருக்கின்றன. ஒன்று அணுவைச் சிறுக்கச் செய்ய, மற்றொன்று பெருக்கச் செய்ய, கணக்கு சரியாய் இருப்பதுபோலத் தோன்றிவிடும். எனவே எண் சரியாயிருந்தாலும், நாக்குச் சிவந்து வழவழப்பாகி எரிதல், பாதத்தில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, ஞாபக மறதி ஆகியவை இருந்தால் பி-12 அளவைத் தனியே சோதிப்பது உத்தமம். சோதனைக்கு முன் பி-12 ஊசியோ மாத்திரையோ போட்டுக் கொண்டால் அளவு தவறாய்க் காட்டும். போட்டுக் கொண்டிருந்தால் அதனை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிகிச்சை

பி-12 குறைவுக்கு ஊசி, மாத்திரை என இருவழிகள் உள்ளன. குறைவு கடுமையாயிருந்தாலும், நரம்புக் கோளாறு தோன்றியிருந்தாலும், குடலில் ஈர்க்கும் சக்தி இல்லாதிருந்தாலும் ஊசியே முதலில் தக்கது. ஹைட்ராக்சோகோபாலமின் என்னும் வகையில் 1000 மைக்ரோகிராமை வாரத்திற்கு மூன்று முறையாக இரண்டு வாரம் தசையிற் செலுத்தி, பின்னர் இரண்டு மூன்று மாதத்திற்கு ஒரு முறை செலுத்துவது வைத்திய நூல்களிற் கண்ட ஒரு முறை. நரம்புக் கோளாறு இருப்பின், மேலும் குணம் தெரியாத நிலை வரும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் தொடருவர். சயனோகோபாலமின் வகையானால் முதலில் அடிக்கடியும் பின்னர் மாதம் ஒரு முறையும் செலுத்துவர். இரைப்பைக் கோளாற்றினால் வந்த குறைவுக்கு ஆயுள் முழுவதும் ஊசியோ மாத்திரையோ வேண்டியிருக்கும். பத்து ஊசி போட்டாயிற்று, தேறிவிட்டது என்று நிறுத்திவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து நடக்க முடியாமல் வருகிறவர்கள் உண்டு.

ஊசிக்கு அஞ்சுவோருக்கும், வாரந்தோறும் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர இயலாதோருக்கும் மாத்திரை நல்ல துணை. ஒரு நாளைக்குத் தேவையான பி-12 சுமார் இரண்டு முதல் இரண்டரை மைக்ரோகிராமே. விழுங்கிய பி-12-ல் நூற்றில் ஒரு பங்கு, இரைப்பைப் பொருளின் துணையின்றியே குடலிற் கசிந்து செல்கின்றது. ஆகவே 1000 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கினால் ஏறக்குறைய 10 மைக்ரோகிராம் உள்ளே சேரும். ஈர்க்கும் சக்தி கெட்டவருக்கும் அது போதியது. உணவுக் குறைவு மட்டுமே காரணமானால், நாளைக்கு 50 முதல் 150 மைக்ரோகிராம் வரையுள்ள சிறு மாத்திரையும் போதும். கடைகளில் மெதில்கோபாலமின் என்ற வகை அதிக விலைக்கு விற்கப்படுகின்றது. விலை மிகுந்ததாலேயே அது சிறந்தது என்று எண்ண வேண்டியதில்லை. பி-12 சற்று மிகுந்தாலும் சிறுநீரிற் கழிந்துவிடும். ஆனால் பல ஜீவசத்துக்களைக் கலந்த மாத்திரைகளில் பி-6 பெரிய அளவில் இருக்குமானால், நெடுநாள் உட்கொள்வது நரம்பையே கெடுக்கும். கால் மதமதப்புக்காக அதனைத் தின்று மதமதப்பை வளர்த்துக் கொள்ளலாகாது.

ஃபோலிக் அமிலக் குறைவுக்கு நாள்தோறும் 5 மில்லிகிராம் மாத்திரையை நான்கு மாதம் வரை கொடுப்பது வழக்கம். பி-12 குறைவில்லை என்று தெரிந்த பின்னோ, பி-12-ஐ முதலிற் கொடுத்த பின்னோதான் இதனைத் தொடங்க வேண்டும். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள், கருவுறுவதற்கு முன்பே தொடங்கி முதல் 12 வாரம் வரை 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் நாள்தோறும் உட்கொண்டால், குழந்தையின் முதுகுத் தண்டில் உண்டாகும் சில பிறவிக் குறைகள் பெரிதும் தடுக்கப்படும். இது 1991-ல் நிரூபிக்கப்பட்டது.

சிகிச்சை தொடங்கியதும் இரண்டு மூன்று நாளில் பசியும் உற்சாகமும் திரும்பும். ஒரு வாரத்தில் புதிய அணுக்கள் இரத்தத்தில் மிகுதியாய்த் தோன்றும். சுமார் இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் சீராகும். அணுக்கள் வேகமாய்ப் பெருகும்போது இரும்பு செலவாகிவிடுவதால், பலருக்கு இடையில் இரும்பு மாத்திரையும் தேவைப்படும். அதனை டீ, காப்பியுடன் உட்கொள்ளாமல், எலுமிச்சஞ் சாறு அல்லது நெல்லிக்காயுடன் உட்கொண்டால் நன்கு சேரும். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்ச வேண்டாம். வெறுங்காலோடு வயலில் உழைப்பவர்கள் கொக்கிப்புழுவுக்கும் மருந்துண்ண வேண்டும். புழு இரத்தத்தைக் குடித்துக் கொண்டிருக்கையில் மாத்திரை கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

நரம்பு சீராவது மெதுவான காரியம். ஆறு மாதம், ஓராண்டு ஆகலாம். சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் முற்றுங் குணமடைவர். ஆண்டுக்கணக்காய் விட்டவர்களுக்கு ஓரளவு ஊனம் நின்றுவிடும். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் குறைந்த கர்ப்பிணியையும், படுத்தாலும் மூச்சுத் திணறுகிறவரையும் ஊரில் வைத்துக்கொண்டிராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்களுடைய இருதயம் களைத்திருப்பதால், இரத்தம் ஏற்றுவதாயினும் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டியிருக்கும். கடுமையான சோகையில் பி-12 தொடங்கிய முதல் நாட்களில் இரத்தத்திலுள்ள பொட்டாசியம் குறைவதும் உண்டு, அதனையும் கவனிப்பார்கள்.

உணவும் சங்கமும்

நோய் முற்றிய பின் உணவால் மட்டும் தீர்க்க முடியாது. ஆனால் திரும்ப வராமற் காப்பது உணவே. பசும்பால் அல்லது எருமைப்பால் அரை லிட்டரில் ஏறக்குறைய 2 மைக்ரோகிராம் பி-12 உண்டு. நெடுநேரம் சுண்டக் காய்ச்சினால் ஒரு பகுதி அழியும். தயிரிலும் இது உண்டு. நீர் மிகுதியாய்ச் சேர்த்த மோரை நம்ப முடியாது. முட்டை ஒன்றில் சுமார் அரை மைக்ரோகிராம் இருக்கின்றது. மத்தி மீன், நண்டு, ஆட்டீரல் ஆகியவற்றில் மிகுதி. பழைய சோற்று நீராகாரத்திலும் சுருள்பாசி மாத்திரையிலும் பி-12 நிறைந்திருப்பதாகப் பலர் சொல்லுகின்றனர். நீராகாரம் வயிற்றுக்கு இதமானதே. ஆனால் பி-12-க்கு அதனை நம்பியிருத்தல் தகாது. சுருள்பாசியிலுள்ளது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலிப் பொருள். ஃபோலிக் அமிலத்திற்கு முருங்கைக்கீரை, அரைக்கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை இவற்றை விடச் சிறந்தவை வேண்டியதில்லை. கீரையை நறுக்கிய பின் கழுவுவதும், வேகவைத்த நீரைக் கொட்டிவிடுவதும், நெடுநேரம் கொதிக்க வைப்பதும் அதனை வீணாக்கும்.

இங்கே பால் சங்கத்து அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டிய ஒரு காரியம் உண்டு. விடியற்காலையில் கறந்த பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிட்டு, வீட்டிலுள்ள கர்ப்பிணிக்குக் கடுங்காப்பி கொடுக்கும் குடும்பங்கள் பல. பாலைக் கறப்பதும், மாட்டுக்குப் புல்லறுப்பதும் பெரும்பாலும் பெண்களே. அவர்களுக்கே அதில் ஒரு டம்ளரும் எஞ்சுவதில்லை. கையிற் பணம் வருவது நல்லதே. ஆயினும் ஆளுக்கு ஒரு டம்ளர் வீட்டில் நிறுத்திக்கொண்டு மிகுந்ததை ஊற்றுவதால் ஏற்படும் நஷ்டம், பின்னர் ஆஸ்பத்திரிக்கும் வண்டிக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டால் அற்பமே. சங்கத்தின் மகாசபையில் இதனைப் பேசுவது இலாபக் கணக்கைப் பேசுவதற்கு ஒருவகையிலும் தாழ்ந்ததன்று.

தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்தி வருவதால், செறிவூட்டிய அரிசியைப் பற்றியும் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும். 2021-22 முதல் படிப்படியாகத் தொடங்கி 2024 மார்ச்சுக்குள் நாடெங்கும் ரேஷன் அரிசியில் இது கலக்கப்பட்டது. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி-12 மூன்றையும் கலந்து, அரிசி வடிவத்தில் அழுத்திச் செய்த மணிகளை நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்காகச் சேர்ப்பர். நிறத்தில் சற்று மாறியிருக்கும் அம்மணிகளைப் பிளாஸ்டிக் என்று கருதிப் பலர் பொறுக்கி எறிந்தார்கள். சத்தை விலைக்கு வாங்கிக் குப்பையில் போட்டது போலாயிற்று. அதே சமயம் அதனை மருந்தென்றும் எண்ண வேண்டாம். ஒரு கிலோவில் பி-12 முக்கால் முதல் ஒன்றேகால் மைக்ரோகிராம் வரையே உள்ளது. நாளைக்கு 400 கிராம் உண்பவருக்கு அரை மைக்ரோகிராம் வரை கிட்டும். அது தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. குறைவு வராமல் தடுக்க அது துணைபுரியலாம். கால் மரத்துப்போனவருக்கு அது போதாது.

சங்கக் கட்டடத்தில் மாதம் ஒருநாள் ஒரு மணி நேரம் கிராம சுகாதாரச் செவிலியருக்கு இடம் ஒதுக்கினால், பால் ஊற்ற வரும் பெண்கள் கூலியை இழக்காமலே ஹீமோகுளோபின் சோதித்துக் கொள்ளலாம். இரண்டு மாதம் இரும்பு மாத்திரை ஒழுங்காய் உட்கொண்டும் அளவு உயராதவர்களின் பெயர்களைச் செவிலியர் தம் குறிப்பேட்டில் தனியே எழுதிக்கொண்டு, அவர்களையும், கால் மதமதப்புச் சொல்லும் முதியோரையும், துடிப்பற்ற கைக்குழந்தைகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அங்கு முழு இரத்தச் சோதனையையும் பி-12 சோதனையையும் கேட்டுப் பெறலாம். நிலையத்தில் பி-12 சோதனை இல்லாத இடங்களில், ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கிச் செல்ல வேண்டும். போகும்போது, அதுவரை உட்கொண்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் டானிக் சீசாவையும் உடன் எடுத்துச் செல்வது டாக்டருக்கு உதவியாயிருக்கும்.